குங்குமப் பொட்டு வைத்த ஃபெசன்ட் குஞ்சுகள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பள்ளிக்கூடமும் என்னைத் தேடி ஆள் அனுப்பவில்லை. அப்படிப்பட்ட ஒருவன் லண்டனுக்கு வந்து என்னென்ன கட்டி எழுப்பினான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் யாரும் நின்று கேட்பதில்லை.

வால்தம்ஸ்டோவில் ஒரு கடை. பாலும் பேப்பரும் விற்கத் தொடங்கி, வெண்டிக்காயும் முருங்கைக்காயும் சேர்த்து, பிறகு பின்பக்கம் அடுப்பு மூட்டி மட்டன் ரோலும் பொரித்து விற்ற கடை. ஆங்கிலம் தெரியாமல் தொடங்கியது. முதல் வருடம் சனம் கேட்டதைக் கொடுக்காமல் என் கைக்கு எட்டியதைக் கொடுத்தேன், அவர்களும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்தது ஒரு வீடு. அந்த வீட்டின் பின்னால் ஒரு நீட்டு அறை. அதற்கு கவுன்சில் மூன்று தரம் அனுமதி மறுத்தது. நான்காம் தரம், என் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்த அதிகாரியே பாவம் பார்த்துத் திருத்தித் தந்தார். அடுத்தது, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் விழாவுக்கு ஒரு மரமேடை. அது ஒரே ஒரு தரம்தான் இறங்கியது, அதுவும் நான் பேசிக்கொண்டு நின்றபோது. பிறகு, மூன்று பிள்ளைகள், மூன்று பட்டங்கள். இந்தக் கடைசி விசயம் நான் தனியாகக் கட்டியதல்ல என்கிறாள் என் மனைவி. அதையும் எழுதிவிட்டேன்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று உண்டு. நரிகள் குடியிருக்கும் வால்தம்ஸ்டோவில், ஒரு பின் தோட்டத்தில், ஃபெசன்ட் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கினேன். இதைத்தான் யாரும் ஒத்துக்கொள்கிறார்கள் இல்லை.

ஃபெசன்ட் என்பது நம்முடைய கோழிக்குப் பணக்காரச் சொந்தம். சேவலுக்குச் செம்பு நிற உடம்பு, பச்சைக் கழுத்து, ஒரு முழத்துக்குக் குறையாத வால். அதை வெள்ளைக்காரர் குஞ்சிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்ப்பார்கள், பிறகு காட்டில் விடுவார்கள், மாரிகாலம் வந்ததும் துவக்கோடு போய்ச் சுடுவார்கள். இதைக் கேட்டதும் எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். நானும் சுளித்தேன். சுளித்த கையோடு கடைக்குப் போய் ஆட்டிறைச்சி வெட்டினேன்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் இளவயதிலிருந்து எசெக்ஸ் பக்கத்துப் பண்ணை ஒன்றில் வேட்டைப் பறவைகளுக்குக் காவலாளாக இருந்தவர். முப்பது வருட வேலை. மனைவி போனபின் வால்தம்ஸ்டோவுக்கு வந்து தனியாக இருந்தார். ஆனாலும் ஒவ்வொரு வசந்தத்திலும் பண்ணையிலிருந்து முட்டை வரும். அவர் தன் தோட்டத்துக் கொட்டிலில் பெட்டியில் வைத்துப் பொரிக்கவைத்து, ஏழு கிழமை வளர்ப்பார். ஆடி மாதக் கடைசியில் பண்ணை வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அதற்குப் பதிலாக மாரிகாலம் முழுக்க அவருக்குப் பண்ணையில் ஒரு இடம் உண்டு. சனிக்கிழமைகளில் காலையிலேயே யாராவது வந்து கூட்டிப்போவார்கள். அவரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, காட்டுக்குள் பறவைகளைக் கிளப்பும் ஆட்களோடு தடியால் தட்டிக்கொண்டு நடப்பார். அன்று முழுக்க அவரிடம் யாராவது ஏதாவது கேட்பார்கள். மற்ற ஆறு நாளும் அவரிடம் ஏதாவது கேட்பவன் நான் ஒருவன்தான். நான் கேட்பதும் ‘சுகமா’ என்பது மட்டும்.

அந்த வருடம் பண்ணைக்குப் புது மனேஜர். உலகக் கிண்ணக் காற்பந்து நடந்த வருடம் அது, தெருவெல்லாம் காருக்குக் கார் இங்கிலாந்துக் கொடி. ஒரு பின்னேரம் வேலியோரம் நின்று அந்த மனிதர் ஒரு கடிதத்தைக் காட்டினார். அவர் பேசியது கிழக்கு லண்டன் ஆங்கிலம். நான் எழுதுவது என் காதில் விழுந்த தமிழ்.

“இடுப்பு ஒப்பரேஷனுக்குத் திகதி வந்திட்டுது. எவ்வளவு காலம் காத்திருந்தனான்! இப்ப குஞ்சுக்கு மூண்டாம் கிழமை நடக்கேக்கை வரச் சொல்லுறாங்கள். ஏலாது எண்டு எழுதப்போறன்.”

“உமக்கு விசரே? இடுப்பு பெரிசோ குஞ்சு பெரிசோ?”

“புது மனேஜர் சொல்லிப்போட்டான். இந்த முறை அறுபது நல்ல குஞ்சு வேணுமாம். இல்லாட்டி அடுத்த வருசத்திலையிருந்து பெரிய பண்ணையிலை வாங்குவானாம். பேந்து நான் அங்கை போறதுக்கு என்ன இருக்கு, கூட்டாளி?”

அவர் வேறு பக்கம் பார்த்தார். அந்த இடத்தில் மற்ற மனிதர்கள் என்றால் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது, வீம்பு பேசத்தான் வரும்.

“நீர் போய் இடுப்பை மாத்திக்கொண்டு வாரும். குஞ்சை நான் பாக்கிறன். ஊரிலை நான் வளக்காத கோழியே?”

ஊரில் நான் வளர்த்தது மூன்று கோழி. அதில் இரண்டு பக்கத்து வீட்டில் முட்டையிட்டன. மூன்றாவது முட்டையிடவில்லை.

பொரித்தது எழுபத்துநாலு. முதல் கிழமையில் நாலு செத்தது வழமைதான் என்றார். மற்ற எழுபதும் பாக்குக்குக் கால் முளைத்த மாதிரி, முதுகில் கபிலக் கோடு, ஓயாத கீச்சுக் குரல். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவர் எனக்குப் பாடம் எடுத்தார். குஞ்சு இருக்கிற இடத்தில் மூலையே இருக்கக்கூடாது. பயந்தால் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கீழே கிடப்பது மூச்சடைத்துச் சாகும். ஆகவே அட்டையை வளைத்து வட்டமாகத் தடுக்கவேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடவேண்டும், இல்லாவிட்டால் குடிக்கப் போய் மூழ்கும். சூட்டு விளக்கை நாளுக்கு நாள் உயர்த்தவேண்டும். மூன்றாம் கிழமை பகலில் வெளியே விடவேண்டும். நாலு பக்கமும் கம்பிவலை, மேலே நூல்வலை. எல்லாம் சொல்லிவிட்டு, டாக்ஸியில் ஏறும்போது என் கையைப் பிடித்தார்.

“நான் சொன்னதைச் செய். சொல்லாத ஒண்டும் செய்யாதை.”

முதல் பாதியைச் செய்தேன்.

காலையில் கடையைத் திறக்குமுன் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை குஞ்சுகளிடம் போவேன். கடைக்கு வருகிறவர்களுக்கு வேறு கதை இல்லாமல் போயிற்று.

“அண்ணை, அடைகாத்து முடிஞ்சுதோ?”

“அண்ணைக்கு இப்ப வெள்ளைக்காரக் கோழிதான் சொந்தம். எங்களை எங்கை தெரியும்?”

“வளத்துச் சுடக் குடுக்கப்போறாராம். பாவம் எல்லாம் அண்ணைக்கு, பறவை எல்லாம் அவங்களுக்கு.”

“ஒரு கிலோ ஆட்டிறைச்சி கேட்டனீர் எல்லே? எலும்போடையோ எலும்பில்லாமலோ?” என்று நான் கேட்பேன். அதோடு பாவக் கதை நின்றுவிடும். ஆனால் வீட்டில் நிற்காது.

“வடிவான குஞ்சுகள்,” என்றாள் மனைவி ஒருநாள், வலைக்கு வெளியே குந்தியிருந்து. “இதுகளைச் சுடுறதுக்கு எப்பிடித்தான் மனம் வருதோ.”

“சுடுறது அவங்கள். நான் வளக்கிறன்.”

“ஓம். கயிறு திரிக்கிறவனுக்கும் தூக்குப் போடுறவனுக்கும் சம்பந்தமில்லைத்தானே.”

அவள் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்த இரண்டு வகுப்பு வித்தியாசத்தை நான் நாற்பது வருடமாக அனுபவிக்கிறேன்.

வெளியே விட்ட இரண்டாம் நாளே வல்லூறு ஒன்று வந்தது. சின்னப் பறவைதான், ஆனால் கண் இரண்டும் மஞ்சள் நெருப்பு. வேலிக்கட்டையில் வந்து குந்தும். வலைக்குள் அது வரமுடியாது. குஞ்சுகளுக்கு அது தெரியவேண்டுமே! அதைக் கண்டதும் எழுபதும் ஒரே பக்கம் பாய்ந்து மலையாகக் குவியும். நான் ஓடிப்போய்க் கைதட்டிக் கலைப்பேன். கடைக்குப் போனால் யார் கைதட்டுவது?

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. இதை நான் ஒரு எச்சரிக்கையாகச் சொல்கிறேன். ஊரில் பருந்துக்குப் பயந்து கோழிக்குஞ்சுகளுக்குச் சாயம் பூசுவார்கள். சிவப்பு, ஊதா என்று தலையிலும் முதுகிலும் தடவி விட்டால், பருந்து அதைக் குஞ்சு என்றே மதிக்காது, என்னவோ ஏதோ என்று பயந்து போய்விடும் என்பது நம்பிக்கை. எசெக்ஸ் காவலாளுக்கு இது எங்கே தெரியப்போகிறது? வெள்ளிக்கிழமை மனைவி வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் சாயம் இல்லை. சாமி அறையில் ஒரு டப்பா நிறையக் குங்குமம் இருந்தது. தேங்காயெண்ணெயில் குழைத்தேன். எழுபது குஞ்சையும் ஒவ்வொன்றாகப் பிடித்து நெற்றியில் ஒன்று, முதுகில் ஒன்று வைத்தேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. முடித்துவிட்டு நின்று பார்த்தேன். கல்யாண வீட்டுக்கு வந்த பெண் வீட்டார் மாதிரி எல்லாம் பொட்டோடு திரிந்தன. வல்லூறு அன்று வரவில்லை. பொழுது பட்டதும் கொட்டிலுக்குள் விட்டுப் பூட்டினேன். சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்துவிட்டு, எண்ணிக்கூடப் பார்க்காமல் கடைக்கு ஓடினேன். மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன், வெற்றிச் செய்தி சொல்ல.

அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் கொண்டுபோன முந்திரிகைப் பழக் குலையை அவர் ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சாப்பிட, நான் பருந்துக் கதையில் தொடங்கி, எண்ணெய் குழைத்த விதம் வரை விளக்கமாகச் சொன்னேன். முதலில் சிரித்தார். தையல் நோகுது, சிரிக்க வைக்காதே என்றார். பிறகு, பழம் கையில் இருக்க, அப்படியே உறைந்துவிட்டார்.

“என்ன நிறம்?”

“சிவப்பு. நல்ல சிவப்பு. கோயில் சாமான்.”

“சிவப்போ?” என்றார். முகம் தலையணை உறை நிறத்துக்குப் போய்விட்டது. “இரத்தமெண்டு நினைச்சுக் கொத்துங்கள். ஒண்டு கொத்தினா எல்லாம் கொத்தும். போ. நிக்காதை, போ.”

பஸ்ஸில் நான் நின்றுகொண்டே வந்தேன், இருக்க இடம் இருந்தது. சாரதிக்குக் கெதியாய்ப் போகச் சொல்லவும் வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தக் கிழவனுடைய சனிக்கிழமைகள் எல்லாம் என்னுடைய ஒரு டப்பாக் குங்குமத்தில் போய்விட்டன என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடியது. வாழ்க்கையில் எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன், எல்லாம் என் முதுகில்தான் விழுந்தன. இது இன்னொருவர் முதுகில் விழப்போகிறது.

தோட்டத்துக்குள் ஓடினால், மனைவி அங்கே கதிரை போட்டு இருக்கிறாள். மடியில் ஒரு பழைய துவாய், பக்கத்தில் ஒரு சட்டி நிறையக் கடலை மா. ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து, மாவைத் தடவி, எண்ணெய் முழுகினவனுக்கு அரப்பு தேய்க்கிற மாதிரித் தேய்த்து, துவாயால் துடைத்து விடுகிறாள். துடைத்தவை ஒரு பக்கம், துடைக்காதவை ஒரு பக்கம், இடையில் நான் இடுப்பில் கட்டுகிற சாரத்தைத் திரையாகக் கட்டியிருக்கிறாள். வலையின் மூலையில் ஒரு செய்தித்தாளுக்குக் கீழே எட்டுக் குஞ்சு.

“அம்மாளாச்சியின்ரை குங்குமம்,” என்றாள். தலை நிமிரவில்லை. “கோழிக்கு.”

“பருந்துக்கு...”

“வாயைத் திறக்காதேங்கோ. தண்ணியிலை கழுவினா குளிர் பிடிச்சுச் செத்துப்போடும் எண்டுதான் மா எடுத்தனான். அந்தப் பக்கத்திலையிருந்து ஒண்டொண்டாய்ப் பிடிச்சுத் தாங்கோ. பொட்டு வைக்கத் தெரிஞ்ச கைக்குப் பிடிக்கவும் தெரியும்தானே.”

பிடித்துக் கொடுத்தேன். இருட்டுமுன் முடித்தோம். அதற்குப் பிறகும் சிலது விடாமல் ஒன்றையொன்று கொத்திக்கொண்டே இருந்தன, பழகிவிட்டது. அவள் குசினிக்குள் போய் ஒரு முழுக் கோவாவை, அதுதான் முட்டைக்கோசை, கொண்டுவந்து, நூலில் கட்டி, குஞ்சுகளின் தலைக்குச் சற்று மேலே தொங்கவிட்டாள்.

“இதென்னப்பா?”

“பிள்ளையள் சண்டை பிடிச்சா ஏதாவது கையிலை குடுக்கவேணும். மூண்டு வளத்தனான்.”

கோவா ஆடியது. ஒரு குஞ்சு கொத்தியது. கோவா இன்னும் ஆடியது. இரண்டு நாளில் எல்லாம் கோவாவோடு சண்டை. பிறகு கிழவர் சொன்னார், காவலாட்களும் இதையேதான் செய்வார்களாம். அறுபத்திரண்டு மிஞ்சியது.

அவர் வீட்டுக்கு வந்தபோது இரண்டு ஊன்றுகோல், குனியக்கூடாது, தூக்கக்கூடாது, படி இறங்குவதைக் குறைக்கவேண்டும். மேல்மாடி ஜன்னலோரம் கதிரையைப் போட்டு, அங்கிருந்து ஆட்சி நடத்தினார். “தண்ணி!” “நிழல்!” “அந்தச் சேவலைப் பார், செட்டையைத் தொங்கப்போடுது!” குங்குமத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எண்ணிக்கையை மட்டும் கேட்டார். அறுபத்திரண்டு என்றேன். இரண்டு கூடத்தானே என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகுதான் நரி இருக்கிறதே என்றார்.

நரி விசயத்தில் நான் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். இதையும் சொல்லத்தானே வேண்டும். வயிறு நிறைந்தவன் களவெடுக்கமாட்டான் என்பது என் கொள்கை. ஆகவே கடையில் மிஞ்சிய மட்டன் ரோலை, அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலிருந்தே, பின்னேரங்களில் தோட்டத்துக் கடைசியில் வைத்து வந்தேன். முதலில் ஒரு நரி வந்தது. மெலிந்த, மரியாதையான நரி. நாலாம் நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தது. பிறகு மூன்று குட்டி. பட்டப்பகலில் ஐந்தும் வரிசையாக இருந்து, என் ரோலைத் தின்றுவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு, வலைக்குள் இருந்த குஞ்சுகளை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். அதைத் திருப்தி என்று நினைத்தேன். அது ஆலோசனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கடையில் சனம் கூடிவிட்டதால் ரோல் வைக்கப் பிந்திவிட்டது. வந்து பார்த்தால் வலைக்குக் கீழே ஒரு பள்ளம், சுற்றிலும் இறகு. குஞ்சு நாலு இல்லை. மேலே ஜன்னலில் அவர் ஊன்றுகோலால் கண்ணாடியில் தட்டிக் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போய் இருந்தார். இறங்கி வர முயன்று பாதிப் படியில் நின்றுவிட்டாராம், ஏறவும் இயலாமல் இறங்கவும் இயலாமல். மனைவிதான் போய்ப் பிடித்து மேலே விட்டாள். வந்தவள் தோட்டத்துக் கடைசியில் கிடந்த ரோல் துண்டுகளைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள்.

“கடைக்கு வழியும் காட்டி, பழக்கியும் விட்டு, பேந்து கடையைப் பூட்டினா அதுகளும் என்ன செய்யும்?” என்றாள்.

ஐம்பத்தெட்டு. கணக்கு முடிந்தது. இனி ஒன்றைக்கூடக் கூட்ட முடியாது, காப்பாற்றத்தான் முடியும். நரி வழி தெரிந்துகொண்டது. ஒரு வழி கிடைத்த நரி அதே வழியால் கடைசிக் குஞ்சு மட்டும் வரும் என்று அவர் சொன்னார். கம்பிவலையை நிலத்துக்குள் ஆழமாகப் புதைக்கவேண்டுமாம். அந்தத் தோட்டம் முழுக்கப் பழைய கட்டடக் கல், மண்வெட்டி ஒரு சாண் கூட இறங்காது. அடுத்த நாள் மத்தியானம் முழுக்க வெட்டி நான் தோண்டினது ஒரு உப்புப் போத்தல் புதைக்கக் காணும்.

களைத்துப்போய் அவருடைய கொட்டில் வாசலில் குந்தியிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம், என் வீட்டுப் பின்னால், கடையிலிருந்து கழித்த குளிர்ப்பெட்டிகளின் தட்டுகள் அடுக்கியிருந்தது கண்ணில் பட்டது. கம்பித் தட்டுகள், விரற்கடை இடைவெளி, வெள்ளைப் பூச்சு. எறிய மனமில்லாமல் வைத்திருந்தேன். நரி எங்கே தோண்டும்? வலையின் காலடியில் வந்து நின்று, மூக்கு வலையில் படுகிற இடத்தில்தான் தோண்டும். ஆழமாகப் புதைப்பானேன்? அது நிற்கிற நிலத்தையே கம்பியாக்கிவிட்டால்? தட்டுகளைக் கொண்டுவந்து, வலையைச் சுற்றிவரப் படுக்கையாய் நிலத்தில் பரப்பி, ஒன்றோடொன்று கம்பியால் கட்டி, வலையோடும் சேர்த்துக் கட்டினேன். குந்திக் குந்தி என் இடுப்புக்கும் ஆஸ்பத்திரித் திகதி தேவைப்படும் நிலை.

மறுநாள் நரி வந்தது. நான் கொட்டிலுக்குள் கதவிடுக்கால் பார்த்தேன், அவர் ஜன்னலால் பார்த்தார். அதே இடத்துக்கு நேரே போனது. தோண்டியது. நகம் கம்பியில் கிரீச்சிட்டது. ஒரு அடி பின்னால் போய்த் தோண்டியது, அங்கேயும் கம்பி. கால்விரல் இடைவெளிக்குள் போக, வெடுக்கென்று இழுத்து உதறி, பாதத்தைத் தூக்கிப் பார்த்தது. சுற்றிவர ஒரு வட்டம் போனது. பிறகு வேலியால் ஏறிப் போய்விட்டது, திரும்பியும் பார்க்காமல். மேலே ஜன்னல் திறந்தது.

“முப்பது வருசம் காவல் காத்தனான்,” என்று கத்தினார். “ஒருக்காலும் இது எனக்கு வரேல்லை!”

அதைக் கேட்டவர்கள் நானும், என் மனைவியும், நரியும். மனைவி அந்த நேரம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்ததால் வடிவாகக் கேட்கவில்லை என்கிறாள்.

ஆடிக் கடைசியில் வான் வந்தது. மனேஜர் இளம் ஆள், சேறே படாத சப்பாத்து. கிழவர் ஒரு ஊன்றுகோலோடு இறங்கி வந்து குசினிக் கதிரையில் இருந்தார். சேர்ட்டெல்லாம் மினுக்கிப் போட்டிருந்தார். குஞ்சுகளைப் பிடித்துப் பெட்டியில் போடப் போட மனேஜர் எண்ணினான். ஐம்பத்தெட்டில் நின்றது. வலைக்குள் எட்டிப் பார்த்தான், வேறொன்றும் இல்லை.

“அறுபது எண்டல்லோ கதைச்சது,” என்றான். கோபமாக இல்லை, அதுதான் மோசம். கிழவர் தன் ஊன்றுகோலின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிழை என்னிலை,” என்றேன். என் ஆங்கிலம் அவசரத்தில் சட்டை போடாமல் ஓடும். “அவர் சரியாய்த்தான் சொன்னவர். நான்தான் பொட்டு வைச்சனான். ரோலும் குடுத்தனான்.”

மனேஜருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஏதோ நோய்க்கு மருந்து என்று நினைத்தானோ என்னவோ, தலையை மட்டும் ஆட்டினான். திரும்பும்போது அவனுடைய சப்பாத்து தட்டில் தட்டுப்பட்டது. குனிந்து ஒரு விளிம்பைத் தூக்கிப் பார்த்தான். புல் கம்பிக்குள்ளால் முளைத்து வந்திருந்தது. அந்த நரிப் பள்ளத்தின் அடையாளத்தைப் பார்த்தான், அதற்குமேல் போன தட்டைப் பார்த்தான். சுற்றிவர ஒரு நடை நடந்தான்.

“இதுக்கு மேலாலை நரி வரேல்லையோ?”

“ஒருக்காலும் இல்லை,” என்றார் கிழவர்.

“எங்கடை காட்டுக் கூட்டிலை போன வருசம் நரியாலை எத்தினை போச்சுது தெரியுமே?” என்று சொல்லிக்கொண்டே வந்து கிழவரின் தோளில் தட்டினான். “இதுதான் அனுபவம் எண்டுறது. பெரிய பண்ணையிலை குஞ்சு வாங்கலாம், இதை வாங்க ஏலாது. அடுத்த வருசமும் நீங்கள்தான் செய்யவேணும். அதுக்கு முதல் அங்கை வந்து எங்கடை கூட்டுக்கும் இப்பிடிப் போட்டுத் தரவேணும்.”

கிழவர் வாயைத் திறந்தார். என் பக்கம் திரும்பினார். அந்த நேரத்து அவருடைய முகத்தை எழுத எனக்கு எட்டாம் வகுப்புப் போதாது. உண்மையைச் சொல்லத்தான் போனார். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். பிறகு, ‘தேத்தண்ணி ஆறப்போகுது’ என்று சொல்லி எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில், சுகமில்லையோ என்ற சந்தேகம் இருந்தது. என் வாய் அப்படி மூடியிருந்ததை அவள் கண்டதில்லை.

அந்த மாரிகாலம் அவர் சனிக்கிழமைதோறும் போனார். தடியோடு நடக்க முடியாவிட்டாலும், கூட்டுக்குத் தட்டுப் பரப்பும் வேலைக்கு மேற்பார்வை. தட்டுகளை நான்தான் என் கடை வானில் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே என்னைச் சாமான் கொண்டுவந்த சாரதி என்று நினைத்து, ஒருவர் பக்கத்துக் கொட்டிலில் வைக்கச் சொன்னார். வைத்தேன். பிறகும் மூன்று வருடம் அவர் குஞ்சு வளர்த்தார், நான் கூடநின்றேன், பொட்டு வைக்கவில்லை. இப்போது அவர் தெற்கே கடற்கரைப் பக்கம் தன் சகோதரியோடு போய்விட்டார். குஞ்சும் இல்லை, மனேஜரும் இல்லை, யாருக்கும் இனி இடம் பறிபோகும் என்ற பயமில்லை. போன மாதம் தொலைபேசியில் சொன்னேன், எழுதப்போகிறேன் என்று. “எழுது, எழுது, இவ்வளவு நாளும் உன்னாலை எப்பிடி இருக்க ஏலுமாய் இருந்தது எண்டுதான் நான் யோசிச்சனான்,” என்று சிரித்தார்.

ஆகவே கேட்கிறேன். பண்ணைக் கொட்டிலில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. அதில் அந்தத் தட்டு முறையைக் கண்டுபிடித்தவர் என்று அவருடைய பெயரை மட்டும் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அவருடைய பெயரை அழிக்கச் சொல்லவில்லை, அது அங்கேதான் இருக்கவேண்டும். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், என்னுடைய பங்கையும் எழுதவேண்டும். என் பெயர் நீளம், அவர்களுக்கு எழுத்துக் கூட்ட வராது என்றால் ‘வால்தம்ஸ்டோக் கடைக்காரர்’ என்று போட்டாலும் ஒத்துக்கொள்கிறேன். இடமில்லை என்று சொல்லமுடியாது. கடைசித் தரம் போனபோது நான் அளந்து பார்த்தேன், தாராளமாக ஒரு சாண் இருக்கிறது.